உவரிக்காரருக்கு யார் வக்கீல்? நெல்லைச் சீமை வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், மூத்த வழக்கறிஞர்களுக்கும், இப்போதுதான் கறுப்பு அங்கி மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் தொழில் செய்கிறவன். ஆரம்பம் சிவில் பக்கம். அப்புறம் சமரசம், நடுவர் விசாரணை (கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது) என்று போய், பிறகு விண்வெளிச் சட்டத்தை அஞ்சல் வழியில் படித்தேன். இந்த மூன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் நம் சீமையில் இனி வரப்போகும் பெரிய தாவாக்கள் இந்த மூன்றும் கூடுகிற இடத்தில்தான் வரும். அதற்கு நம் சங்கங்கள் இப்போதே ஆட்களைத் தயார் செய்ய வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ அமைக்கும் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கை குறுக்கே வருகிறது. சுற்றி வளைத்துப் போக எரிபொருள் அதிகம் செலவாகும். சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுபடியாகாது. குலசையிலிருந்து விட்டால் தெற்கே கடல்தான். அதனால் 500 கிலோ வரை சுமந்து போகும் எஸ்.எஸ்.எல்.வி. என்ற இஸ்ரோவின் சின்ன ராக்கெட் இங்கிருந்து கிளம்பப் போகிறது. அந்த ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான ஹெச்.ஏ.எல்.லுக்குக் கைமாற்ற 2025-ல் ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அதாவது, இனி இங்கே வணிகம் நடக்கும், ஒப்பந்தங்கள் வரும், ஒப்பந்தம் வந்தால் தகராறும் வரும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ராக்கெட்டின் கழன்ற பாகம் ஒன்று எதிர்பாராத இடத்தில் விழுந்து ஒரு ஃபைபர் படகு உடைந்துவிட்டது, ஆளுக்கும் காயம் என்று வைத்துக்கொள்வோம். படகு வேறு நாட்டுக்காரருடையது என்றால் வழி தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் விண்வெளிப் பொறுப்பு உடன்படிக்கைப்படி, ஏவிய நாடு பூமியின் மேற்பரப்பில் உண்டாக்கும் சேதத்துக்கு அந்த நாடே முழுப் பொறுப்பு. யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. படகுக்காரரின் நாடு ஓராண்டுக்குள் தூதரக வழியில் கோரிக்கை வைத்தால் போதும். 1978 ஜனவரியில் சோவியத் யூனியனின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் தன் அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981-ல் 30 லட்சத்துக்கு முடிந்தது. எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டன.

சரி, படகு நம் கடற்கரையில் இருக்கும் மீனவ ஊரான உவரியைச் சேர்ந்தவருடையது என்றால்? அதே உடன்படிக்கையின் ஏழாவது பிரிவைப் படியுங்கள். ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்று இருக்கிறது. வெளிநாட்டுக்காரருக்குக் கிடைக்கும் தப்பை நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீட்டு உரிமை, ஏவுதளத்துக்குப் பக்கத்திலேயே வலை வீசுகிற நம் ஆளுக்கு இல்லை. அவரை அவருடைய நாட்டுச் சட்டம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டுச் சட்டமோ இன்னும் வரவில்லை. விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு 2017-ல் பொதுமக்கள் கருத்துக்கு வந்தது, சட்டம் ஆகவில்லை. 2023-ல் இந்திய விண்வெளிக் கொள்கை வந்தது. 2024-ல், தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி கொடுக்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பின் நெறிமுறைகள் வந்தன. இவையெல்லாம் ராக்கெட் விடுகிற நிறுவனங்களுக்கு வழி சொல்பவை. படகை இழந்தவர் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட் படியேறக்கூடிய சட்டம் எதுவும் இவற்றில் இல்லை.

இதே சீமையில் கூடங்குளம் இருக்கிறது. அணு விபத்து நடந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு வரை, யாரிடம் மனுக் கொடுப்பது என்று 2010-லேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் வரம்புகளைப் பற்றி நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். ஆனால் சண்டை போட ஒரு சட்டமாவது இருந்தது. ராக்கெட்டுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே உவரிக்காரர் வந்து நிற்கப்போவது வள்ளியூரிலோ ராதாபுரத்திலோ இருக்கும் ஒரு வக்கீலின் திண்ணையில்தான். அந்த வக்கீல் 1986-ல் டெல்லி வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முழுப்பொறுப்புக் கொள்கையை எடுத்து, அது ராக்கெட்டுக்கும் பொருந்தும் என்று வாதாட வேண்டும். மதுரைக் கிளையில் ரிட் போடுவதா, இங்கேயே இழப்பீட்டுத் தாவா போடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். கடலில் விழுந்த பாகம் எந்த ராக்கெட்டுடையது என்று காட்ட வேண்டும். இது நடக்கிற காரியம்தான். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை பெரும்பாலும் நம் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டப் பாகமாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நாட்டு விண்வெளி நிறுவனம் சொன்னது. எதைத் தேட வேண்டும், எவரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்த வக்கீல்கள் நம் மூன்று மாவட்டத்திலும் மிகக் குறைவு.

விபத்து அபூர்வம்தான். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்வது அபூர்வமாக இருக்காது. காற்று நாள், கடல் சரியில்லாத நாள், இவற்றோடு ராக்கெட் நாளும் சேரும். உடன்படிக்கை சொல்லும் சேதம் என்பது உயிர், உடல், சொத்து. கடலுக்குப் போகாமல் விட்ட தொழில் நாளுக்கு, கிடைக்காமல் போன மீனுக்கு அதில் இடம் கண்டுபிடிப்பது கஷ்டம். மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தங்குழி ஊர்களும் ஏவுதள நிர்வாகமும் மாவட்ட நிர்வாகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசித்தான் இதைத் தீர்க்க முடியும். அந்த மேசையை நடத்தத் தெரிந்த சமரசர் வேண்டும். இங்கேதான் என் சமரச வேலையும் கடைசிப் படிப்பும் ஒன்று சேர்கின்றன.

சமரசத்தைப் பற்றி நம் சங்கங்களுக்குள் இருக்கும் தயக்கம் எனக்குத் தெரியும். சமரச மையத்துக்கு அனுப்பினால் ஃபீஸ் போச்சு என்கிறோம். இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையத்தை 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் திறந்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், கட்சிக்காரரை சமரசத்துக்கு அனுப்பிவிட்டு நாம் வாசலிலேயே நின்றுகொள்கிறோம். நாமும் உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரையும் ஆளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்ல முடியும். சமரச அறையில் பேசியதை வெளியே பேசக் கூடாது என்பது சட்டம்.

அண்ணன், தங்கை. கால்வாய்ப் பாசன நிலத்தில் பாகப்பிரிவினை. தங்கை வாதி. முதல் நிலைத் தீர்ப்பாணை ஆகி, அப்பீல் போய், இறுதித் தீர்ப்பாணை மனுவில் கமிஷனர் அளந்து, அந்த அளவு சரியில்லை என்று ஆட்சேபணையும் ஆகி நின்றது. இரண்டு பக்க வக்கீல்களும் நல்ல வக்கீல்கள். தனி அமர்வில் அண்ணனிடம், நிலத்தை விட்டுத் தள்ளுங்கள், வேறு ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: “எம் மருமவ காதுகுத்துக்கு ஊரே போச்சு சார். தாய்மாமன் நான் வீட்ல கெடந்தேன். யாரு மடியில வச்சுக் குத்துனாவன்னு அவகிட்டயே கேளுங்க.”

அவர் அனுமதியோடு தங்கையிடம் கேட்டேன். அந்த அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: “பத்திரிகைய எடுத்துக்கிட்டு நாந்தான் மொதல்ல அங்க போனேன். மதினி வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டாவ. அண்ணன் உள்ளதான் இருந்தாவன்னு நெனச்சேன். ஒரு சத்தம் வரல.”

அண்ணன் அந்த நேரத்தில் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தங்கை வந்த சேதியே அவருக்குப் போகவில்லை. இதை எந்த வாதுரையில் எழுத முடியும்? விசாரணைக்கு நீதிபதி வகுக்கும் எந்த எழுவினாவில் அடங்கும்? அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை. வரப்பு எங்கே போட வேண்டும், மோட்டார் யார் பேரில், பாதை எத்தனை அடி என்று மேலும் சில அமர்வுகள் ஆயின. அந்தக் கணக்கையெல்லாம் இரண்டு பக்க வக்கீல்களும் உட்கார்ந்து எழுதியதால்தான் உடன்பாடு நின்றது. தங்கைக்குச் சட்டப்படி வர வேண்டிய பங்கில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். பெண் பிள்ளைக்குச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. கூடப் பிறந்தவன்தானே, விட்டுக்கொடு தாயி என்று அவள் பங்கைக் கரைக்கிற காரியத்துக்கு சமரசம் என்று பேர் வைக்க நாம் விடக் கூடாது.

ஃபீஸ் விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சமரசத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் கட்சிக்காரருக்குத் திரும்பக் கிடைக்கும். நம் மாநில நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு அதற்குத்தான். கோர்ட் அனுப்பாமல் தாங்களே பேசி முடித்துக்கொண்டாலும் அது உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பணம் கைக்கு வரும்போது கட்சிக்காரர் நம் ஃபீஸை முகம் சுளிக்காமல் கொடுக்கிறார். சமரசத்துக்குத் தனி ஃபீஸ் இவ்வளவு என்று சங்கங்களே ஒரு வரையறை வைத்துக்கொள்ளலாம். தலைமுறை தாண்டி இழுக்கிற பாகப்பிரிவினையில் அப்பாவிடம் பேசிய ஃபீஸை மகனிடம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அது நியாயமான பயம். பேசித் தீர்ப்பது என்றாலே நம் பக்கத்தில் கட்டப் பஞ்சாயத்து ஞாபகம் வருகிறது. அபராதம், ஊர்விலக்கு, காலில் விழ வைப்பது எல்லாம் இந்த மண்ணில் நடந்தவைதான். சமரச அறையில் அதற்கு இடமில்லை. ஒத்துவராவிட்டால் யாரும் எழுந்து போகலாம். சமரசருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. தனக்கு ஏதாவது ஒரு தரப்போடு உறவோ சொந்த நலனோ இருந்தால் அவர் முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் குற்ற வழக்குகளைப் பொதுவாக வெளியிலேயே நிறுத்திவிட்டது. சாதியின் பேரால் ஒருவர் அடிபட்டிருக்கும்போது, பேசி முடித்துக்கொள்ளலாமே என்று யார் சொன்னாலும் நம் சங்கம் அதற்குக் குறுக்கே நிற்க வேண்டும். அந்தச் சட்டம் சமுதாய சமரசம் என்று ஒரு வகையையும் சொல்கிறது. அக்கம்பக்க அமைதிக்காக, எல்லாருடைய முன்சம்மதத்தோடு, மூன்று பேர் கொண்ட குழு நடத்துவது. அதில் படித்த வக்கீல்கள் உட்காராவிட்டால் அந்த நாற்காலிகளில் வேறு யார் உட்காருவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நடுவர் விசாரணைக்கு வருகிறேன். இது பெரிய கம்பெனிக்காரர் விவகாரம், சென்னையோடு சரி என்ற எண்ணம் நமக்கு. ஆனால் நம் ஊரில் லோடு வண்டி வாங்கியவரின் கடன் பத்திரத்தில் பொடி எழுத்தில் அது இருக்கிறது. தவணை இரண்டு தவறினால் சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு பதிவுத் தபால் வரும். இன்னார் நடுவராக நியமிக்கப்பட்டிருக்கிறார், இன்ன தேதியில் சென்னையில் ஆஜராகவும் என்று இருக்கும். வண்டிக்காரர் அதை காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பார். ஒருதலையாக அவார்டு, அதாவது நடுவரின் தீர்ப்பு, ஆகும். அதை எதிர்க்க மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள். அதுவும் போன பிறகு நம் மாவட்டக் கோர்ட்டில் நிறைவேற்று மனு விழும். அமீனா வாசலில் வந்து நிற்கிற அன்றுதான் அவர் நம்மிடம் ஓடி வருகிறார்.

அப்போதும் வழி இருக்கிறது. வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவர் தானே தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு நிறுவன ஒப்பந்தங்களில் ஒரு தரப்பு மட்டும் ஒற்றை நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கே விரோதம் என்றது. இவற்றை வைத்து நிறைவேற்று மனுவிலேயே ஆட்சேபணை எழுப்பலாம். தெரியாமல் விடுவதால் நம் ஊரில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

நாலு வழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கும் இதே கதைதான். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி இழப்பீடு போதாது என்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் அது கலெக்டர். நாங்குநேரி விவசாயி கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டுகிறார். அது ஒரு நடுவர் விசாரணை, அங்கே சாட்சியமும் பக்கத்து நிலத்தின் கிரையப் பத்திரங்களும் வைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அவார்டுத் தொகையை மாவட்டக் கோர்ட் கூட்டிக் கொடுக்க முடியாது என்று 2021-ல் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் இன்னொரு அமர்வு, குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில் மட்டும் திருத்தலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தது. ஆகவே சாட்சியத்தை முதலிலேயே நடுவர் முன் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நடுவர் விசாரணைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இடத்தையும் 22-ஆம் பிரிவு மொழியையும் தரப்புகளே முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து தமிழில் நடுவர் விசாரணை நடத்தச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகளும் பொறியாளர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். நாம் எழுதுகிற ஒப்பந்தங்களிலேயே அந்த வரியை எழுதத் தொடங்கலாம்.

ஒரு ஒப்பந்தம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ஆன்ட்ரிக்ஸ்–தேவாஸ் வழக்கைப் பாருங்கள். இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு செயற்கைக்கோள் அலைவரிசை தருவதாக 2005-ல் போட்ட ஒப்பந்தம் 2011-ல் ரத்தானது. 2015-ல் நடுவர் மன்றம் 56.25 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2022 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், தேவாஸ் மோசடிக்காகவே தொடங்கப்பட்டது என்று அதைக் கலைத்ததை உறுதி செய்தது. அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த அவார்டை ரத்து செய்தது. ஆனாலும் 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை அது போய், ஆன்ட்ரிக்ஸ் அங்கே கிளப்பிய அதிகார வரம்பு ஆட்சேபணை ஒன்று எடுபடவில்லை. இத்தனையிலும் ராக்கெட் அறிவியல் துளியும் இல்லை. ரத்துப் பிரிவு, நடுவர் பிரிவு, மோசடி, அதிகார வரம்பு. நம் சப் கோர்ட்டில் தினமும் பேசுகிற விஷயங்கள்தான்.

ஜூனியர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “இதப் படிச்சா பொழைக்க முடியுமா சார்?” உள்ளதைச் சொல்கிறேன். விண்வெளிச் சட்டம் மட்டும் படித்துவிட்டு இன்றைக்குப் பாளையங்கோட்டையில் வாடகை கட்ட முடியாது. சமரச மையத்தில் கிடைக்கும் மதிப்பூதியமும் சிறியது. முதல் சில ஆண்டுகளுக்கு தடை உத்தரவு வழக்கும் பாகப்பிரிவினையும்தான் சோறு போடும். ஆனால் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையம் இருக்கும் மகேந்திரகிரியிலும் குலசையிலும் வேலை எடுப்பவர்கள் நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள், வண்டிக்காரர்கள், மண் வேலைக்காரர்கள். மேல் ஒப்பந்தக்காரர் பணத்தை இழுத்தடித்தால் அவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டம் இருக்கிறது. 45 நாளுக்கு மேல் போனால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் விசாரணை. பதிவு செய்த பட்டறைக்காரருக்கு இந்த மனுவைச் சரியாகப் போடத் தெரிந்தவனுக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. அந்த வேலையிலிருந்துதான் ஏவுதள ஒப்பந்தங்களும், காப்பீடும், அவரவர் நஷ்டம் அவரவருக்கு என்று எழுதிக்கொள்ளும் விண்வெளி ஒப்பந்தப் பிரிவுகளும் மெதுவாகக் கைக்கு வரும்.

சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். 40 மணி நேர சமரசப் பயிற்சியை மதுரைக்கோ சென்னைக்கோ போகாமல் இங்கேயே நடத்த உயர் நீதிமன்றத்தின் சமரச மையத்திடம் மூன்று சங்கங்களும் சேர்ந்து கேளுங்கள்; அதில் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெண் வழக்கறிஞர்களுக்கும் முன்னிடம் கொடுங்கள். 1996 முதல் நம்மிடம் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே விண்வெளிச் சட்டத்துக்கு ஒரு படிப்பு வட்டம் தொடங்கக் கல்லூரியோடு பேசுங்கள். வண்டிக் கடன் அவார்டு, நெடுஞ்சாலை இழப்பீடு இரண்டுக்கும் ஜூனியர்களுக்கு ஒரு மாதிரி மனுத் தொகுப்பைத் தமிழில் போட்டுக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்வெளி மசோதா மறுபடி கருத்துக் கேட்புக்கு வருகிற நாளில், ஏவுதளத்தைச் சுற்றியுள்ள குடிமக்களுக்கும் தவறு நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீடு வேண்டும், தொழில் இழந்த நாளுக்கும் கணக்கு வேண்டும், மனுவை இந்த மாவட்டத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று மூன்று சங்கங்களின் கையெழுத்தோடு டெல்லிக்கு ஒரு மனு போக வேண்டும். அதற்கான வரைவை நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் சனிக்கிழமை மதியங்களில் வந்து பாடம் எடுக்க நான் தயார். 1967-ஆம் ஆண்டின் சர்வதேச விண்வெளி ஒப்பந்தத்துக்கும் 1972 உடன்படிக்கைக்கும் தமிழில் எழுதி வைத்திருக்கும் சுருக்கத்தை நூலகங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். படித்துவிட்டுப் பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் தொழில் செய்யும் உங்கள் சக வழக்கறிஞர்